மாப்பிள்ளை பங்கு

எங்கள் தெருவில் ஒருவர் ரம் கலக்குவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். கோயிலுக்குப் போனால்கூடத் திருட்டுப் பயத்தில் செருப்பைப் பைக்குள் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாமி கும்பிடுகிற மனுசன். ரம்முக்கு மட்டும் அவ்வளவு மரியாதை.

செருப்பு மட்டுமா? இடுப்புச் சாவியை எடுத்து வெளியே மாட்டுவார். பளபளப்பான பாலியஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துண்டு கட்டிக்கொள்வார். அடுப்படியின் முன்கதவையும் பின்கதவையும் விரியத் திறப்பார். ஒரு வாளியில் தண்ணீர், ஒரு வாளியில் மணல் கொண்டுவந்து வைப்பார். அதற்குப் பிறகுதான் எலுமிச்சம்பழத்தில் கை படும். இத்தனையும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பால்காரர் மணி அடிக்கும் முன்னால். மற்ற ஆம்பளைகள் எல்லாம் இருட்டட்டும் என்று காத்திருந்து குடிக்கிற ஊரில், சுப்ரபாதம் போடுகிற நேரத்துக்குக் கடை விரித்தவர் இவர் ஒருவர்தான்.

"ஏன் கொளுந்தனாரே, கோளி கூவுறதுக்குள்ள குடிக்கணும்னு வேண்டுதலா?" என்று கேட்டேன்.

"வெயிலு ஏறிட்டா மருந்தத் தொடப்படாது மதினி" என்றார்.

மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குக் கொடுப்பது இல்லை. பட்டாசுக்குள் போடுவது. திருத்தங்கலுக்கு வெளியே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் மருந்து கலக்குகிறவர். அந்த வேலையைக் காலைக் குளிர்ச்சியில் முடித்துவிட வேண்டும். செருப்பு ஆகாது, இரும்பு ஆகாது, பாலியஸ்டர் துணி ஆகாது, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் ஆகாது. அந்தச் சட்டம் எல்லாம் அவர் உடம்பில் ஊறிப்போய்விட்டது. வீட்டில் காப்பி ஆற்றினால்கூடத் தள்ளி நின்றுதான் ஆற்றுவார்.

எனக்கு அவர் சொந்தம் இல்லை. நடுவில் ஒரு சுவர், அதுதான் சொந்தம். மதினி என்று கூப்பிடுவார். மதினி என்று கூப்பிட்டுவிட்டால் கேலி செய்வதற்கு எனக்குப் பட்டா எழுதிக் கொடுத்தமாதிரிதானே. அவர் பெண்சாதி பேச்சி என்னை அக்கா என்பாள். அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பிரிட்ஜ் எங்கள் வீட்டில் இருந்த ஒன்றுதான். அதனால் அவருடைய ரம்முக்கு ஐஸ் என் கையால்தான் போகும்.

குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பது வயது வரைக்கும் கல்யாண வீட்டில் யாராவது இழுத்துப்போனால் ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகம் சுளிக்கிற ஆள். இது எல்லாம் அவர் மாப்பிள்ளையால் வந்தது. அந்தப் பையன் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

மகள் செல்வி பெங்களூரில் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனை விரும்பிக் கல்யாணம் முடித்துக்கொண்டாள். வேற ஆட்கள். இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. தலை தீபாவளிக்கும் கூப்பிடவில்லை. ஊர் உலகத்துக்கே வெடி செய்து அனுப்புகிற மனுசன், அந்தத் தீபாவளிக்குத் தன் வாசலில் ஒரு ஓலைவெடிகூடக் கொளுத்தாமல் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

அடுத்த வருசம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டுதல் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு செல்வி புருசனைக் கூட்டி வந்துவிட்டாள். வந்த பிள்ளைகளை வெளியே போ என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. வா என்று சொல்லவும் வரவில்லை. மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இவர் எழுந்து போய் ஒரு பாட்டில் ரம் வாங்கி வந்து, டம்ளரில் ஊற்றித் தண்ணீர் விட்டு மாப்பிள்ளை முன்னால் தள்ளினார். அவருக்குத் தெரிந்த உபசாரம் அதுதான்.

பையன் தங்கமான பையன். "மாமா, எனக்கு இப்படிக் குடிச்சுப் பழக்கமில்ல. கொஞ்சம் எலுமிச்சம்பழம், சீனி, ஐஸ் இருந்தா நான் கலந்து தரட்டுமா? டைக்கிரின்னு ஒண்ணு, நல்லா இருக்கும்" என்றான்.

பேச்சி மூடிபோட்ட எவர்சில்வர் தூக்குச்சட்டியை எடுத்துக் கொடுத்தாள். பையன் எல்லாவற்றையும் அதில் போட்டு மூடி, தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து ஆட்டினான் பாருங்கள். ஐஸ்கட்டி இரும்பில் மோதிக் கடகடவென்று ஒரு சத்தம்.

நான் கொல்லையில் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே ஒரு ஆள் பறந்து வந்து எங்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் குப்புற விழுந்தார்.

"மதினி, தலையக் குனிங்க!"

நானும் குனிந்துவிட்டேன். எதற்கு என்று குனிந்த பிறகுதான் யோசித்தேன். வெடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. "மாமா?" என்றது. கையில் தூக்குச்சட்டி.

பேச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பையன் சிரிக்கலாமா கூடாதா என்று நின்றான். கோழிப்பீயில் கிடந்த இவர் முதலில் முறைத்தார். பிறகு படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். "ஏலே, மருந்தப் போட்டு ஆட்டுவாகளாலே!" என்று அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னார். மருமகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் அடுப்படியை விட்டு வரவில்லை. மறுநாள் பஸ் ஏறும்போது பையன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவை வரும்போது நீங்கதான் எனக்குக் கலக்கித் தரணும் மாமா" என்றான். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பான். இவர் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். செல்வி நலம் விசாரித்து முடித்ததும் மாப்பிள்ளை வாங்கி, ஏதாவது ஒன்று கலக்கச் சொல்லிக் கொடுப்பான். இவர் அதை வாயிலேயே உருப்போட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் செய்து பார்ப்பார். பழச்சாற்றைத் துணியில் வடிகட்டி, மறுபடியும் வடிகட்டுவார். கசப்புச் சொட்டு என்று ஒன்று வேண்டுமாம் ஓல்டு ஃபேஷண்டு என்கிற சரக்குக்கு. அது சிவகாசியில் எங்கே கிடைக்கும்? நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்பு வாங்கி ஊறப்போட்டார். விஸ்கி சவர் என்கிற இன்னொன்றுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று கேட்டு என் கோழியிடம் வந்தபோது, "முட்டைய ஆம்லெட் போட்டுத் திங்காம அதுல எதுக்கு ஊத்துறீக?" என்று பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாம் செய்வார், ஆட்டமட்டும் மாட்டார். "ஆட்டுறது ஆகாது மாப்பிள்ள. மரக்கரண்டியால கிண்டுறேன்" என்பார் போனில். ஆட்டுவதற்கென்றே செய்த எவர்சில்வர் குவளை ஒன்றை மாப்பிள்ளை பார்சலில் அனுப்பிவைத்தான். அது கண்ணாடி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆயுதபூசைக்குப் பேச்சி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தாள்.

நானும் அந்த டைக்கிரியை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சும்மா ருசிக்குத்தான். புளிப்பு முன்னால் வந்தது, இனிப்பு அதன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது, கொஞ்சம் பின்னால் ஒருத்தன் தீப்பந்தம் கொளுத்திக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை. அவரும் அங்கே போய்க் குடித்ததை என்னிடம் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் எங்கள் வீட்டுக்காரரும் தெருமுனை டீக்கடைக்காரரும் துணைக்குப் போனார்கள். நாலு டம்ளர். இவருக்கு ஒன்று, அவர்களுக்கு ஆளுக்கொன்று, பேச்சி ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பிவிடுவதால் அவள் பங்கைப் பிரித்துக்கொள்வார்கள். கொஞ்ச வாரம் நன்றாகத்தான் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்காரர் பாலில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுத் தெருவுக்கே கொடுத்துவிட்டார். அதே காலையில் எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளோடு போய்ச் சாக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ரோட்ட எடுத்துட்டாங்க" என்று புகார் சொன்னார். நான் அவர் ஞாயிற்றுக்கிழமையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். டீக்கடைக்காரர் வீட்டிலும் அப்படியே.

அதற்குப் பிறகும் இவர் நாலு டம்ளருக்குத்தான் கலந்தார்.

"ஆளில்லாத கடைக்கு எதுக்கு நாலு டம்ளரு? ஒன்னு போதாதா?" என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன்.

"கை அளவு படியணும் மதினி. அவுக வரும்போது நாங்க நாலு பேரு. இப்ப ஒன்னுக்கு அளந்து பளகிட்டா அன்னைக்குக் கை தடுமாறிரும்."

"சரி, மிச்சத்தக் கொட்டிருங்க."

"மிச்சமா?" என்றார். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார்.

கலந்த மருந்தை மிச்சம் வைப்பது மாதிரி ஒரு பாவம் அவருக்கு இந்த உலகத்தில் கிடையாது. அவருடைய தம்பியும் மருந்து வேலைக்குப் போனவன்தான். வேறொரு கம்பெனி. சனிக்கிழமை கலந்ததில் கொஞ்சத்தை யாரோ அறைக்குள்ளேயே விட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது ஞாயிற்றுக்கிழமை பூராவும் வெயிலில் உள்ளேயே வெந்து கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை கதவைத் திறந்தவன் தம்பி. அதிலிருந்து இவர், அன்றைக்குத் தேவையானதை மட்டும் அளந்து கலப்பார், கலந்ததை அன்றைக்கே வெயிலுக்கு முன்னால் தீர்ப்பார். இவருடைய அறையில் ஒரு துளி மருந்து தங்கியது இல்லை என்று கம்பெனியில் பெருமையாகச் சொல்வார்கள்.

"இது குடிக்கிற சரக்குதானே, மண்ணுல ஊத்துங்க" என்றேன்.

"செல்வி பங்கையும் மாப்பிள்ள பங்கையும் மண்ணுலயா? என்ன மதினி பேசுறீக? செத்தவுகளுக்குத்தான் மண்ணுல ஊத்துறது."

எங்கள் பக்கம் வழக்கம் அப்படித்தான். அதனால் அவரே குடித்தார். முதலில் தன் டம்ளர். பிறகு பேச்சி டம்ளர், செல்வி டம்ளர். கடைசியாக மாப்பிள்ளை பங்கு. அதை மட்டும் இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பார். பொறுப்பாகத் தன் கடமையைச் செய்கிற முகம்.

பிள்ளைகள் ஆடிக்கு வருகிறோம் என்றார்கள். லீவு கிடைக்கவில்லை. தீபாவளிக்கு என்றார்கள். செல்வி உண்டாகியிருந்தாள், பஸ்ஸில் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிறோம் என்று போன் வரும்போதெல்லாம் இவர் பயிற்சியைக் கூட்டினார். ஞாயிறு போய், வாரத்தில் நடுவிலும் ஒரு நாள் ஆனது. தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்த காலத்தில் தினசரி ஆனது. தினசரி நாலு டம்ளர்.

பேச்சி பாட்டிலை ஒளித்து வைத்துப் பார்த்தாள். பழத்தை ஒளித்தாள். கடைசியில் என்னிடம் வந்து, "யக்கா, ஐஸ் இல்லன்னு சொல்லிருங்களேன்" என்றாள். பிரிட்ஜ் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ரிப்பேர் பார்க்கிறவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார் மனுசன். "ஒங்களுக்குக் கஷ்டமில்லையா மதினி, அதான்." வந்தவர் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கம்பெனி திரும்பத் திறந்தபோது இவருடைய கை ஆட ஆரம்பித்திருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. இவரேதான் மேனேஜரிடம் போய், "என் கை ஆடுது. என்ன மருந்து ரூமுக்குள்ள விடாதீக" என்று சொல்லிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தார். அவரைப் பொம்பளைகளோடு லேபிள் ஒட்டப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் "அண்ணாச்சி, பசை கலக்கித் தாங்க" என்று கேலி செய்வார்களாம். கலக்கிக் கொடுப்பாராம், மிச்சமே வராமல்.

போனில் மட்டும் எதுவும் சொல்லவில்லை. "எல்லாம் கைக்கு வந்துருச்சு மாப்பிள்ள. ஒங்க வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்த கேக்கணும், அம்புட்டுத்தான்" என்பார்.

ஒருவழியாக வந்தார்கள். பேரனுக்கு இருக்கன்குடியில் முடி இறக்க. சாயங்காலம் வந்து இறங்கியதும் செல்வி பிள்ளையை அவரிடம் நீட்டினாள். "கை களுவிட்டு வாரேன்" என்று கொல்லைக்குப் போனவர், பிள்ளை தூங்குகிற வரைக்கும் கை கழுவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. மாப்பிள்ளையிடம், "காலைல வெள்ளன எந்திரிங்க. கலக்கி வைக்கிறேன்" என்றார். "கண்டிப்பா மாமா" என்றான் அவனும்.

விடியும் முன்னால் வந்து நின்றார். ஐஸ் தட்டை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வருமா? சுவர் ஓரமாகவே நின்றுகொண்டேன். பின்கதவு திறந்திருந்ததால் அடுப்படி முழுக்கத் தெரிந்தது.

செருப்பு இல்லை, சாவி இல்லை. தண்ணீர் வாளி, மணல் வாளி. அதே டைக்கிரிதான். பழத்தை நறுக்கும்போது கை ஆடியது. மரக்கரண்டியை எடுத்ததும் நின்றுவிட்டது. நாலு டம்ளரிலும் சமமாக ஊற்றினார், வெளியே ஒரு துளி சிந்தவில்லை. நிமிர்ந்து பேச்சியைப் பார்த்தார்.

"மாப்பிள்ளய எளுப்பு."

"ராத்திரி பூராம் பிள்ள அளுதுச்சு. ரெண்டு பேரும் இப்பத்தான் கண்ணசந்தாக. செத்த நேரம் பொறுங்க" என்றாள் பேச்சி.

பொறுத்தார். வேப்பமர உச்சியில் வெயில் விழுந்தது. இவர் எழுந்து பிள்ளைகள் படுத்திருந்த அறைவாசலுக்குப் போய்க் கையைத் தூக்கினார். மகளும் மருமகனும் படுத்திருக்கிற கதவை ஒரு தகப்பன் எப்படித் தட்டுவான்? தூக்கிய கையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வெயில் மரத்தில் இருந்து ஓட்டுக்கு இறங்கியது. தன் டம்ளரை எடுத்துக் குடித்தார். ஓட்டில் இருந்து கொல்லைக்கு வந்தது. பேச்சி பங்கைக் குடித்தார். துவைக்கிற கல்லுக்கு வந்ததும் செல்வி பங்கு. வெயில் அடுப்படி வாசற்படியைத் தொட்டபோது மாப்பிள்ளை பங்கை இரண்டு கையாலும் எடுத்துவிட்டார்.

"கொளுந்தனாரே, அத ஒன்னயாச்சும் வைங்க. அது ரம்மு. மருந்தில்ல" என்றேன். கேலியே இல்லாமல் சொன்னேன்.

"கலந்துட்டா எல்லாம் மருந்துதான் மதினி" என்றார்.

அவர் டம்ளரைக் கீழே வைக்கவும் அறைக்கதவு திறக்கவும் சரியாக இருந்தது. செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நாலு காலி டம்ளரைப் பார்த்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்தாள்.

"அப்பா, விடிஞ்சும் விடியாமலா?"

பின்னாலேயே மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். "பரவால்ல மாமா. இன்னொரு தடவை கலக்குங்க. நான் குடிக்கிறேன்" என்றான்.

"வெயிலு வந்துருச்சு மாப்பிள்ள. இனிமே கலக்கப்படாது."

பிள்ளை தாத்தாவைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டியது. இவரும் நீட்டினார். அந்தக் கை ஆடிய ஆட்டத்தைச் செல்வி பார்த்துவிட்டாள். பிள்ளையை இந்த இடுப்பில் இருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். இவர் நீட்டிய கையை மடக்கித் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

கோயிலுக்குப் போனவர்கள் அங்கிருந்தே சாத்தூர் போய் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இவர் குடிக்கவில்லை. கலக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதே விடியலில் எழுந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கதவையும் திறந்துபோட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். மடியில் இரண்டு கையும் கிடக்கும்.

"என்ன கொளுந்தனாரே, கடை தெறக்கலியா?"

"ஆர்டர் கேன்சல் மதினி" என்றார். அவர் என்னைச் சிரிக்கவைக்க நினைத்துச் சொன்ன ஒரே வார்த்தை அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே முடிந்துவிட்டது. பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. செல்வி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அது ஆடவில்லை.

பதினாறாம் நாள் விடியும் முன்னால் எங்கள் கதவை யாரோ தட்டினார்கள். மாப்பிள்ளை. காலில் செருப்பு இல்லை.

"அத்தை, ஐஸ் இருக்கா?"

தட்டை எடுத்துக்கொண்டு நானே அவன் பின்னால் போனேன். அடுப்படியில் இரண்டு கதவும் திறந்திருந்தன. தண்ணீர் வாளியும் மணல் வாளியும் இருந்தன. அலமாரியில் இருந்த குவளையை அவன் தொடவில்லை. மரக்கரண்டியால்தான் கிண்டினான். நாலு டம்ளரில் ஊற்றினான். ஒன்று அவனுக்கு, ஒன்று செல்விக்கு, ஒன்று பேச்சிக்கு. எப்போதும் துப்புகிறவள் அன்றைக்குத் துப்பாமல் முழுங்கினாள்.

அவன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை என்னிடம் நீட்டினான்.

"மாமா கலந்தது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது அத்தை. நீங்க குடிச்சிருக்கீங்கன்னு மாமா போன்ல சொன்னாரு. சொல்லுங்க, இப்படித்தான் இருக்குமா?"

வாங்கிக் குடித்தேன். சீனி தூக்கலாக இருந்தது. பழச்சாற்றை வடிகட்டவில்லை, பல்லில் தோல் அகப்பட்டது. பந்தம் கொளுத்திக்கொண்டு வருகிறவன் வரவே இல்லை.

"இதேதான்யா. அச்சு அசல் இதேதான்" என்றேன்.

அவன் மிச்சத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்து முடித்தான். பேச்சி நாலாவது டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு சொட்டு விடாமல் மண்ணில் ஊற்றினாள். வேப்பமர உச்சியில் இன்னும் வெயில் விழவில்லை.